இது வைத்தியமா, சோதனையா?

போன மாதம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்கு ஃபோன் வந்தது. காலையில் வ.உ.சி. மைதானத்தில் என்னோடு நடக்க வரும் நண்பர் ஒருவரின் மகன் பேசினான். நண்பருக்கு நுரையீரலில் ஏதோ கட்டி என்று எங்கள் கூட்டத்துக்கே தெரியும். அது என்ன வகை என்பது எனக்கு மட்டும் தெரியும். பயாப்ஸி ரிப்போர்ட்டை மகன் எனக்குத்தான் முதலில் அனுப்பினான். நண்பருக்கு மட்டும் தெரியாது.

"மாமா, அப்பாவுக்கு ஒரு புது ட்ரீட்மென்ட் கிடைச்சிருக்கு. ரெண்டு மருந்தைச் சேர்த்துக் கொடுக்காங்களாம். செலவு கிடையாது. கையெழுத்து மட்டும் போடணும். நீங்க மருந்து தெரிஞ்சவங்க, ஒரு எட்டு வந்து 'நல்ல மருந்துதான், போடுங்க'ன்னு சொல்லிருங்க. கேன்சர்னு மட்டும் வாயத் திறந்திராதீங்க."

நாளைக்குச் சொல்கிறேன் என்று ஃபோனை வைத்தேன்.

மறுநாள் மைதானத்துக்குப் போனால் விஷயம் எனக்கு முன்னால் அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. ரெவின்யூவில் இருந்து ஓய்வுபெற்றவர் ஒருவர் பெஞ்சில் இருந்தே குரல் கொடுத்தார்: "அண்ணாச்சி, விட்டுராதிய. எலிக்குப் போடுற மருந்தை நம்ம ஆளுக்குப் போடப் பாக்கான்!" சுற்றி இருந்த நாலு பேரும் தலையாட்டினார்கள்.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம் வந்தது. ஒருவர் 'புது ட்ரீட்மென்ட்' என்கிறார், இன்னொருவர் 'சோதனை எலி' என்கிறார். இரண்டு பேருமே நோயாளியை ஒரு ஓரமாகத் தள்ளிவிட்டுப் பேசுகிறார்கள். அந்த மனிதருக்கு எழுபத்திரண்டு வயது. முப்பது வருஷம் பள்ளிக்கூடம் நடத்தியவர். அவரிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

இந்தக் கோபத்துக்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன்.

என் அக்கா வீட்டுக்காரர், அதாவது என் அத்தான், டவுனில் ஒரு லாரி ஆபீஸில் புக்கிங் கிளார்க். பதினாறு வயதில் பீடியைத் தொட்டவர், அறுபத்தாறு வரைக்கும் விடவில்லை. (பீடி சுற்றியே பிழைக்கும் ஜில்லாவில் இதைக் குற்றமாகச் சொல்ல வாய் வரவில்லை. அத்தானின் அம்மாவே முறத்தை மடியில் வைத்துக்கொண்டு சுற்றியவள்தான்.) ஒரு நாள் காலையில் முகம் வீங்கியிருந்தது, சட்டைக் காலர் பட்டனைப் போட முடியவில்லை. கண்ணாடி பார்த்துவிட்டு, "என்ன மாப்ளே, ராத்திரியோட ராத்திரியா சதை போட்டுட்டேன்" என்றார். நெஞ்சுக்குள் இருந்த கட்டி பெரிய ரத்தக் குழாயை அமுக்கியதால் வந்த வீக்கம் அது. பரிசோதனையில் 'ஸ்மால் செல்' என்று வந்தது.

நுரையீரல் புற்றில் ஏறக்குறைய ஏழில் ஒன்று இந்த வகை. வந்தவர்களில் பெரும்பாலோர் புகைத்தவர்கள். வேகமாக வளரும், வேகமாகப் பரவும். கண்டுபிடிக்கும்போதே பலருக்கு நெஞ்சைத் தாண்டிப் போயிருக்கும். இதில் ஒரு கொடுமையான விசித்திரம் உண்டு. முதல் மருந்துக்கு நன்றாகவே கேட்கும். சிஸ்பிளாட்டினும் எட்டோபோசைடும் சேர்த்து மூன்று நாள், பிறகு இருபத்தொரு நாளுக்கு ஒரு முறை. இரண்டாவது சுற்றிலேயே அத்தானின் முகம் பழையபடி ஆகிவிட்டது. ஸ்கேனில் கட்டி பாதிகூட இல்லை. அக்கா திருச்செந்தூருக்கு நேர்ந்திருந்தாள். "மொட்டை போட முடிதான் இல்லை, முருகனுக்கு முன்னாடி கீமோக்காரன் எடுத்துக்கிட்டான்" என்று சிரித்துக்கொண்டே அத்தான் கடலில் முங்கி எழுந்தார். நாலு மாதத்தில் கட்டி திரும்பியது, இந்த முறை ஈரலிலும்.

அந்த இரண்டு மருந்துக் கூட்டு 1980-களில் வந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷமே ஆகியிருந்த காலம். நான் ஓய்வு பெற்று, பேரப்பிள்ளை எடுத்து, அத்தான் படுக்கையில் விழுந்த அன்றைக்கும் அடித்தளம் அதே இரண்டு மருந்துதான். அதே வகைக் கூட்டின்மேல் அட்டிசோலிசுமாப் என்ற மூன்றாவதைச் சேர்த்து 403 பேரிடம் சோதித்த முடிவு 2018-இல் வந்தது. சராசரி ஆயுள் 10.3 மாதத்தில் இருந்து 12.3 மாதம் ஆனது. முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருந்து கிடைத்தது இரண்டு மாதம். உலகமே அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதும்தான். ஆனால் இந்த நோயில் புதுச் சோதனையே கூடாது என்று மைதானத்து பெஞ்சில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர்கள் இந்தக் கணக்கை ஒரு தடவை பார்க்க வேண்டும். இருப்பதோடு திருப்திப்படுங்கள் என்றால், எதோடு?

ஏன் ஒரு மருந்து போதாது என்று கேட்பவர்களுக்கு என் அனுபவத்தில் இருந்தே சொல்கிறேன். 1977-இல் நான் அரசு ஆஸ்பத்திரி மருந்தகத்தில் கம்பவுண்டராக உட்கார்ந்தபோது டி.பி. நோயாளிக்கு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி, கூடவே ஐ.என்.ஹெச்.-தயாசிட்டசோன் மாத்திரை. ஒன்றை மட்டும் கொடுத்தால் கிருமி அதற்குப் பழகிக்கொண்டு பிழைத்துவிடும். இரண்டு மூன்றாகச் சேர்த்து அடித்தால்தான் ஒழியும். இதை உலகத்துக்கு நிரூபித்த இடங்களில் ஒன்று நம் சேத்துப்பட்டு. 1956-இல் தொடங்கிய அந்த ஆராய்ச்சி மையத்தில் நெரிசலான வீடுகளில் இருந்த ஏழை நோயாளிகளுக்கு இரண்டு மருந்தைச் சேர்த்து ஒரு வருஷம் கொடுத்துப் பார்த்தார்கள். வீட்டில் இருந்தவர்களும் சானடோரியத்தில் படுத்திருந்தவர்களைப் போலவே தேறினார்கள். இன்று டி.பி.க்கு யாரும் மலைக்குப் போக வேண்டியதில்லை என்றால், அன்று யாரோ சில சென்னைக் கூலிக்காரர்கள் சோதனைக்கு உட்பட்டதால்தான். ரெவின்யூ நண்பர் இதற்கு என்ன சொல்வார்?

புற்றுநோயிலும் அதே நியாயம்தான். ஆனால் மருந்து, பருப்பும் காய்கறியும் போல் அல்ல, சேர்த்தால் சாம்பார் ஆகும் என்று நம்ப. தனித்தனியாகச் சாதுவாக இருக்கும் இரண்டு மருந்து சேர்ந்தால் என்ன செய்யும் என்று புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிவிட முடியாது. ஒசிமெர்டினிப் என்று நுரையீரல் புற்றின் வேறொரு வகைக்கு ஒரு மாத்திரை. நல்ல மருந்து. தனியாக எடுத்தால் நுரையீரலில் அழற்சி வருவது மிகக் குறைவு. அதோடு துர்வாலுமாப் என்ற எதிர்ப்புச் சக்தி மருந்தைச் சேர்த்துப் பார்த்தார்கள். 34 பேரில் 13 பேருக்கு அழற்சி. அந்தச் சேர்க்கையை நிறுத்திவிட்டார்கள். இன்னொரு இடத்தில் நிவோலுமாபும் கிரிசோட்டினிபும் சேர்த்தார்கள். முதல் 13 பேரில் 5 பேருக்கு ஈரல் கடுமையாகக் கெட்டது. அதில் இரண்டு பேர் இறந்தார்கள், அந்த ஈரல் பாதிப்புக்கும் அதில் பங்கிருக்கலாம் என்று டாக்டர்களே எழுதினார்கள். இந்த முதற்கட்டச் சோதனை இல்லாமல், 'இரண்டும் நல்ல மருந்துதானே' என்று நேராக ஊர் முழுக்க எழுதிக் கொடுத்திருந்தால்? 13 பேரில் தெரிந்தது பதிமூவாயிரம் பேரில் தெரிந்திருக்கும்.

ஆக, சோதனை வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. என் சண்டை அதைச் சொல்லும் விதத்தோடு.

அத்தானின் கதைக்கு வருகிறேன். வெளியூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பெயர் வேண்டாம், அங்கே விதியை மீறி யாரும் எதுவும் செய்யவில்லை. ஒரு மருந்து ஏற்கெனவே சந்தையில் உள்ளது. இன்னொன்றுக்குப் பெயர்கூட வைக்கவில்லை, இரண்டு எழுத்தும் சில எண்களும்தான். படிவம் இருபது பக்கத்துக்கு மேல். தமிழில்தான் இருந்தது, அந்தத் தமிழைத் தமிழில் மொழிபெயர்க்க இன்னொரு ஆள் வேண்டும். 'பங்கேற்பாளர்', 'ஆய்வுத் தயாரிப்பு', 'மருந்தளவு உயர்த்தல் கட்டம்'. அந்தப் பெண் பிள்ளை பாவம், வரிவரியாகத்தான் படித்தாள், மூச்சு விடாமல். என் மருமகன் அவளிடம் முன்கூட்டியே 'புற்று' என்று வரும் இடத்தில் 'கட்டி' என்று படிக்கச் சொல்லியிருந்தான். அவளும் அப்படியே படித்தாள்.

அத்தான் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மாப்ளே, நீ சொல்லு. இது வைத்தியமா, சோதனையா?"

முப்பத்து நாலு வருஷம் மருந்துக்கு நடுவில் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்குத் தெரியும். அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வைத்தியம்தான் அத்தான்" என்றேன். அவர் கையெழுத்துப் போட்டார்.

அது பொய். எவ்வளவு பெரிய பொய் என்று சொல்கிறேன். முதற்கட்டச் சோதனையின் கேள்வி 'இந்த மருந்து இவரைக் குணப்படுத்துமா' என்பதல்ல. 'எவ்வளவு கொடுத்தால் மனித உடம்பு தாங்கும்' என்பதுதான். பழைய முறை இது: மூன்று பேருக்குக் குறைந்த அளவில் தொடங்குவார்கள். மூவருக்கும் பெரிய கெடுதல் இல்லை என்றால் அடுத்த மூவருக்குக் கொஞ்சம் கூட்டுவார்கள். ஒருவருக்குக் கெடுதல் வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இரண்டு பேருக்கு வந்துவிட்டால் அதற்குமேல் போகமாட்டார்கள். கூட்டு மருந்து என்றால் பெரும்பாலும் ஒன்றை அப்படியே வைத்துக்கொண்டு மற்றதைப் படிப்படியாக ஏற்றுவார்கள். அதாவது முதலில் சேர்பவருக்குக் கிடைக்கும் அளவு வேலை செய்யப் போதாததாக இருக்கலாம். கடைசியில் சேர்பவருக்குக் கிடைப்பது உடம்பு தாங்காததாக இருக்கலாம். நீங்கள் எந்தப் படியில் நிற்கிறீர்கள் என்பது, நீங்கள் சேர்ந்த தேதியைப் பொறுத்த விஷயம்.

அமெரிக்காவில் 1991-இல் இருந்து 2002 வரை நடந்த 460 முதற்கட்டப் புற்றுநோய்ச் சோதனைகளை ஒன்றாகச் சேர்த்துக் கணக்குப் பார்த்தார்கள். ஏறக்குறைய 12,000 நோயாளிகள். கட்டி குறிப்பிடும்படி சுருங்கியது 100-க்கு 11 பேருக்கும் கொஞ்சம் குறைவு. மருந்தின் கெடுதலாலேயே இறந்தவர்கள் 200 பேருக்கு ஒருவர் அளவில். பழைய மருந்தோடு புது மருந்தைச் சேர்த்துக் கொடுத்த சோதனைகளில் பலன் இதைவிட அதிகம், அதுவரை மனிதனுக்கே கொடுக்காத ஒற்றை மருந்தில் மிகக் குறைவு. இந்த எண்களில் எதுவும் ரகசியம் இல்லை. 100-க்கு 11 என்று கேட்டுவிட்டு 'சரி, போகிறேன்' என்று சொல்பவர் இருக்கிறார். 'வேண்டாம், வீட்டுக்குப் போகிறேன்' என்பவரும் இருக்கிறார். இரண்டும் மரியாதையான பதில்கள். கேட்காமலே கையெழுத்துப் போடுவது பதிலே அல்ல.

சோதனையை வைத்தியம் என்று நினைத்துக்கொள்ளும் இந்த மயக்கத்துக்குப் பால் அப்பல்பாம் என்ற அமெரிக்க மனநல மருத்துவரும் கூட இருந்தவர்களும் 1982-இலேயே தனியாக ஒரு பெயர் வைத்தார்கள். அங்கே அது நோயாளியின் மனதில் தானாக உண்டாகும் மயக்கம். நம் ஊரில் அந்த மயக்கத்தைக் குடும்பமே கிண்டிக் கொடுக்கிறது, ஆஸ்பத்திரிக்காரர்கள் கண்ணை மூடிக்கொள்கிறார்கள்.

'புது மருந்து' என்றாலே மேலானது என்ற எண்ணமும் ஒழிய வேண்டும். இதே ஸ்மால் செல் நோய்க்கு ரோவா-டி என்று ஒரு மருந்து வந்தது. முதற்கட்டத்தில் தெரிந்த நம்பிக்கையை வைத்து, அதைத் தயாரித்த கம்பெனியையே 2016-இல் 580 கோடி டாலர் என்று விலைபேசி இன்னொரு கம்பெனி வாங்கியது. 2018 டிசம்பரில் பெரிய சோதனை ஒன்றில், அதை எடுத்தவர்கள் பழைய மருந்து எடுத்தவர்களைவிடச் சீக்கிரம் இறக்கிறார்கள் என்று தெரிந்து ஆள் சேர்ப்பதை நிறுத்தினார்கள். அடுத்த வருஷம் மருந்தையே கைவிட்டார்கள். நிவோலுமாபுக்கு இந்த நோயில் 2018-இல் அமெரிக்கா துரித அனுமதி கொடுத்தது. பெரிய சோதனைகளில் ஆயுளைக் கூட்டவில்லை. 2020 கடைசியில் அந்த அனுமதியை விட்டுக்கொடுத்தார்கள். 580 கோடி டாலர் போட்டவனுக்கே கடைசியில் என்ன ஆகும் என்று தெரியவில்லை. 'ஃபாரின் மருந்துப்பா, கையெழுத்துப் போடுங்க' என்று அப்பாவிடம் சொல்கிற பிள்ளைக்கு எப்படித் தெரிந்தது?

அத்தான் சேர்ந்து ஐந்து வாரம் கழித்து, வார்டில் ராத்திரித் துணைக்கு நான் இருந்தேன். தலையணைக்கு அடியில் இருந்து படிவத்தின் பிரதியை எடுத்தார். அத்தனை பக்கமும் படித்திருந்தார். லாரி ஆபீஸில் நாற்பது வருஷம் பில்லும் ரசீதும் படித்த கண் அது. சில இடத்தில் பென்சிலால் கோடு.

"மாப்ளே, இதுல 'தங்களது புற்றுநோய்'னு போட்டிருக்கு. அந்தப் பிள்ளை படிக்கும்போது அப்படிப் படிக்கலியே?"

விடியும்வரை சொன்னேன். எல்லாவற்றையும். அவர் அழவில்லை. ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "எனக்கு முன்னால எத்தனை பேரு?" காலையில் அந்தப் பெண்ணிடம் கேட்டேன். அத்தான் இரண்டாவது படியில் இரண்டாவது ஆள். முன்னால் நாலு பேர்.

"அப்போ நான் அஞ்சு" என்றார். பிறகு கோவில்பட்டியில் இருக்கும் தன் தம்பிக்கு ஃபோன் போடச் சொன்னார். ஒரு வரப்புத் தகராறில் பதினோரு வருஷமாகப் பேசாமல் இருந்த தம்பி. "நாள் இருக்குன்னுல்லா நினைச்சுக்கிட்டு இருந்தேன்" என்றார் என்னிடம். அந்த ஐந்து வாரத்தை அவரிடம் இருந்து எடுத்தவன் நான். மகனோடு இரண்டு நாள் பேசவில்லை. என்னோடு பேசினார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

மூன்றாம் நாள் ஒரு நோட்டு வாங்கிவரச் சொன்னார். லாரி ஆபீஸ் பேரேடு மாதிரி கட்டம் போட்டார். மணி, காய்ச்சல், வாந்தி எத்தனை தடவை, சாப்பிட்டது என்ன, விரல் மரத்தது எந்தப் பக்கம். ரவுண்ட்ஸ் வரும் டாக்டர் அதை வாங்கிப் படித்துவிட்டு ஃபைலில் குறித்துக்கொள்வார். முன்பு 'எப்படி இருக்கீங்க' என்றால் 'இருக்கேன்' என்று திரும்பிப் படுத்தவர் அவர். ஒருமுறை டாக்டரிடமே கேட்டார்: "என் அளவு தாங்கிருச்சுன்னா அடுத்து வாரவனுக்குக் கூட்டுவியளா?" ஆமாம் என்றார் டாக்டர். "அப்போ கவனமா எழுதணும்."

அடுத்த ஸ்கேனில் கட்டி வளர்ந்திருந்தது. சோதனையில் இருந்து எடுத்துவிட்டார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தார். தம்பி வந்துபோனார்.

'சொன்னால் மனசு உடைந்து போவார்' என்கிறீர்களே, யாருடைய மனசு? எனக்கு அக்காவின் முகத்தைப் பார்க்கப் பயம், மருமகனுக்கு அப்பாவின் முகத்தைப் பார்க்கப் பயம். எங்கள் பயத்துக்கு அவர் பெயரை வைத்தோம். டாக்டர்களுக்கும் சொல்கிறேன்: பிள்ளை 'சொல்லாதீங்க' என்றதும் நீங்கள் தலையாட்டுவது எங்கள் கலாச்சாரத்துக்குச் செய்யும் மரியாதை அல்ல, கஷ்டமான அரைமணி நேரப் பேச்சில் இருந்து தப்பிக்கும் வழி. நோயின் பெயரே தெரியாதவனிடம் வாங்கிய கையெழுத்து எப்படிச் சம்மதம் ஆகும்?

எலிக் கட்சிக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்கள் கோபம் காரணம் இல்லாததல்ல. ஏழைகளிடம் சரியாகச் சொல்லாமல் சோதனை நடத்திய கதைகள் இந்த நாட்டில் உண்டு, 2013-இல் உச்ச நீதிமன்றமே தலையிட்டது. அதன் பிறகு 2019-இல் புது விதிகள் வந்தன. ஒவ்வொரு சோதனையையும் ஒரு நெறிமுறைக் குழு பார்க்க வேண்டும். அதில் டாக்டர் அல்லாத சாதாரண ஆள் ஒருவர், சட்டம் தெரிந்தவர் ஒருவர், பெண் ஒருவர் கட்டாயம். சோதனையால் உடம்புக்குக் கெடுதல் வந்தால் இலவச வைத்தியம், நஷ்டஈடு. எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமல் விலகலாம். படிவத்தின் பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். சோதனை நம் நாட்டின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பதிவு எண்ணை வைத்துக் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். எலிக்கு இதெல்லாம் கிடையாது. அது கேள்வி கேட்காது. நாம் கேட்கலாம்: இது எத்தனையாவது கட்டம்? எனக்கு முன்னால் எத்தனை பேர், எந்த அளவில்? அவர்களுக்கு என்ன ஆனது? நான் சேராவிட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

நண்பரின் மகனுக்கு மறுநாள் நான் சொன்ன பதில் இதுதான்: "நீ அப்பாகிட்ட நோயோட பேரைச் சொல்லு. சொன்ன பிறகு என்னைக் கூப்பிடு, எத்தனை மணி நேரம் ஆனாலும் உட்கார்ந்து படிவத்தைப் படிச்சுக் காட்டுறேன். சொல்லாம நான் வரமாட்டேன்." அவன் கோபமாக ஃபோனை வைத்தான். நாலு நாள் பேச்சில்லை.

ஐந்தாம் நாள் நண்பரே கூப்பிட்டார். "சார்வாள், பையன் சொல்லிட்டான். எனக்குத் தெரியாமலா இருக்கும், ரெண்டு மாசமா வீட்டுல எல்லாரும் என்னைப் பார்த்துச் சிரிச்சுக்கிட்டே இருந்தா?" என்றார். இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன். "என் பேரைப் போடாம எழுதுங்க. எழுத்துப் பிழை இல்லாம எழுதுங்க" என்றார். வாத்தியார் அல்லவா.

சேர்வதா வேண்டாமா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் போகிறேன். படிவத்தையும் மூக்குக் கண்ணாடியையும் எடுத்து வைத்திருக்கிறாராம். சிவப்பு மசிப் பேனாவும்.